டெண்டர் என்றால் பயம் எதற்கு?
நெசவாளி வீட்டுக்கும் தெரிய வேண்டிய கணக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீடு. காலை நேரம். அப்பா தறியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் வாசற்படியில் அமர்ந்து பத்திரிகை படிக்கிறாள். இப்படி ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பா, இங்கே பொடி எழுத்தில் ஒரு விளம்பரம் இருக்கிறது. 'ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன' என்று போட்டிருக்கிறார்கள். துணி வாங்குவதற்காம். 'பிணை வைப்புத் தொகை' என்று ஒன்று கேட்டிருக்கிறார்கள். அது என்னப்பா?"

"அதெல்லாம் காண்டிராக்டர் சமாசாரம்மா. நமக்கு எதுக்கு? அடுத்த பக்கத்தைத் திருப்பு."

பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். டெண்டர் என்றால் பெரிய மனிதர்கள் விவகாரம், கார் வைத்திருப்பவர்கள் விவகாரம் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால், அந்த அப்பாவின் தறிக் கூலியைக்கூட அந்தப் பொடி எழுத்து விளம்பரம் தீர்மானிக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஏலம் வேறு, டெண்டர் வேறு

ஏலம் எல்லோருக்கும் தெரியும். காஞ்சிப் பட்டின் கதையே ஏலத்தில்தான் தொடங்குகிறது. கர்நாடகத்தில் ராமநகரம் என்ற ஊரில் பெரிய பட்டுக்கூடு சந்தை இருக்கிறது. நம் தர்மபுரியிலும் ஒரு சந்தை உண்டு. விவசாயி கூடுகளைக் கொண்டு வந்து கொட்டுகிறார். நூல் எடுப்பவர்கள் விலை கேட்கிறார்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குக் கூடு சொந்தம்.

ஆக, ஏலம் என்பது பொருளை விற்பவர் நடத்துவது. அதில் அதிக விலை சொன்னவர் ஜெயிப்பார்.

டெண்டர் இதற்கு நேர் எதிர். இது பொருளை வாங்குபவர் நடத்துவது. "எனக்கு இன்ன பொருள், இத்தனை வேண்டும். யார் என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று அவர் கேட்கிறார். விற்பவர்கள் விலையை எழுதி, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் எல்லா உறைகளையும் பிரிக்கிறார்கள். அதில் குறைந்த விலை போட்டவருக்கு வேலை.

ஏலத்தில் அடுத்தவர் சொல்லும் விலை காதில் விழும். டெண்டரில் விழாது. அவரவர் விலை அவரவருக்குத்தான் தெரியும். அதனால்தான் உறையை மூடி முத்திரை வைக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் காகித உறை இல்லை. கம்ப்யூட்டர் வழியாகவே விலை அனுப்ப வேண்டும். கையெழுத்தும் 'டிஜிட்டல் கையெழுத்து'. ஆனால் முறை அதேதான். குறிப்பிட்ட நேரம் வரும்வரை யாரும் அதைத் திறக்கக் கூடாது.

டெண்டரை ஏன் விட வேண்டும்?

சர்க்கார் செலவு செய்வது ஜனங்களின் பணம். அதிகாரி தனக்குத் தெரிந்தவரிடமே வாங்கினால் என்ன ஆகும்? விலை ஏறும். சரக்கு கெடும். கேட்க ஆள் இருக்காது.

நாட்டில் நடந்த ஒரு பெரிய உதாரணம் நிலக்கரிச் சுரங்கம். 1993 முதல் பல கம்பெனிகளுக்கு, போட்டி ஏலம் எதுவும் இல்லாமல் சுரங்கங்கள் ஒதுக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2014-ம் வருஷம் செப்டம்பரில் 214 ஒதுக்கீடுகளை நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகுதான் ஏல முறை வந்தது.

தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 'ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம்' என்று பெயர். 1998-ல் செய்யப்பட்டது. அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. டெண்டரை எப்படி அறிவிக்க வேண்டும், எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும், யார் முன்னிலையில் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் போனால் 30 நாள். இந்த அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால், மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

அவகாசம் ஏன் முக்கியம்? இன்று விளம்பரம், நாளை கடைசி நாள் என்றால், முன்கூட்டியே தகவல் தெரிந்தவர்தானே கலந்துகொள்ள முடியும்!

உத்திரமேரூர் சொல்லும் பாடம்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறை அதில் விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அது டெண்டர் அல்ல. ஆனால் இன்றைய டெண்டர் விதிகளுக்கு ஆதாரமான யோசனைகள் அங்கே இருக்கின்றன.

முதலில் தகுதி. வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும்.

அடுத்தது தகுதிக் குறைவு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இன்று 'கறுப்புப் பட்டியல்' என்கிறோமே, அதுதான்!

மூன்றாவது, எல்லோர் முன்னிலையில் திறப்பது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போடுவார்கள். வயதில் மூத்தவர் குடத்தைத் தூக்கிச் சபை முழுவதற்கும் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? உள்ளங்கையில் வேறு ஓலையை மறைத்து வைத்திருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகமே வரக் கூடாது என்பதற்காகத்தான்!

அந்தச் சபை வேதம் படித்தவர்களின் சபை. நெசவாளிக்கோ பெண்களுக்கோ அதில் இடமில்லை. அது அந்தக் காலத்துக் குறை. இன்று சட்டம் எல்லோருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. உள்ளே போகத்தான் நமக்குத் தயக்கம்.

ஒரு டெண்டரைப் படித்துப் பார்ப்போம்

ஒரு சர்க்கார் இலாகாவுக்கு 200 பட்டு அங்கவஸ்திரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைதான். எண்களும் கணக்குப் புரிவதற்காக நாம் வைத்தவைதான். விளம்பரத்தில் வரும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விவரக்குறிப்பு: 'ஸ்பெசிபிகேஷன்' என்று சொல்வார்கள். என்ன பொருள், என்ன நீளம், என்ன அகலம், என்ன நூல், எப்படிப்பட்ட சரிகை என்பதெல்லாம் இதில் இருக்கும். சில இடங்களில் 'சில்க் மார்க்', 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை வேண்டும் என்றும் கேட்பார்கள். முதல் முத்திரை பட்டு அசல் பட்டு என்பதற்கு. அது 2004-ல் வந்தது. இரண்டாவது, கைத்தறியில் நெய்தது என்பதற்கு. அது 2006-ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இந்த விவரக்குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். 'பட்டு' என்று மட்டும் போட்டு, கைத்தறியா விசைத்தறியா என்று போடவில்லை என்றால், கைத்தறிக்காரரும் விசைத்தறிக்காரரும் ஒரே விலையில் மோத வேண்டிவரும். கைத்தறி அங்கே தோற்றுப் போகும். சந்தேகம் இருந்தால், கடைசித் தேதிக்கு முன்பே எழுத்து மூலம் கேட்கலாம். பெரிய டெண்டர்களில் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் நடத்துவார்கள்.

தகுதி நிபந்தனை: எத்தனை வருஷ அனுபவம், வருஷத்துக்கு எவ்வளவு வியாபாரம், ஜி.எஸ்.டி. பதிவு உண்டா, வங்கிக் கணக்கு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். இதில் ஒரு காகிதம் குறைந்தாலும் உங்கள் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

பிணை வைப்புத் தொகை: மகள் கேட்டாளே, அது இதுதான். ஆபீசுகளில் 'ஈ.எம்.டி.' என்பார்கள். கோயில் ஏலங்களில் 'டேவணி' என்ற பழைய வார்த்தை வழக்கத்தில் இருக்கிறது. "நான் விளையாட்டுக்கு வரவில்லை" என்று காட்டுவதற்குக் கட்டும் பணம். வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடும். வேலை கிடைத்த பிறகு "எனக்கு வேண்டாம்" என்று ஓடினால் பணம் போய்விடும். தமிழ்நாட்டு விதிப்படி, வாங்கும் பொருளின் மதிப்பில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் இதைக் கேட்கக் கூடாது. நம் உதாரணத்தில் சரக்கின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் என்றால், டேவணி 4,000 ரூபாய்.

காப்புத் தொகை: டேவணி முடிந்த பிறகு வருவது இது. வேலை கிடைத்தவர் மட்டும் கட்ட வேண்டும். சொன்னபடி சரக்கு கொடுத்து முடித்த பிறகுதான் திரும்பி வரும். அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். கணக்குப் போடும்போது இதை மறக்கக் கூடாது.

இரண்டு உறை: முதல் உறையில் தகுதிக் காகிதங்கள், மாதிரி, விவரம். இரண்டாவது உறையில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். 'குறைந்த விலைக்காரர்' என்றால், தேறியவர்களுக்குள் குறைந்தவர் என்று அர்த்தம். அவரை 'எல்-1' என்பார்கள். அடுத்தவர் 'எல்-2'.

விலை செல்லுபடிக் காலம்: நீங்கள் சொன்ன விலை எத்தனை நாளைக்கு உங்களைக் கட்டுப்படுத்தும் என்பது. பல டெண்டர்களில் 90 நாள் இருக்கும். இது பட்டுத் தொழிலில் ஆபத்தான வரி! ஏன் என்று கீழே சொல்கிறோம்.

தாமத அபராதம்: சொன்ன தேதிக்குச் சரக்கு போகாவிட்டால் வாரத்துக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். இது நெசவாளிக்குத் தெரியும். ஆபீசில் டெண்டர் எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே, கெடு தேதியைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை உத்தரவு: 'ஒர்க் ஆர்டர்' என்பது இதுதான். இந்தக் காகிதம் கைக்கு வருவதற்கு முன் நூல் வாங்கிக் குவிக்கக் கூடாது. "உங்களுக்குத்தான் கிடைக்கும்" என்று யாரோ வாயால் சொன்னது உத்தரவு ஆகாது.

குறைந்த விலையால் யாருக்கு நஷ்டம்?

இனி விலைக்கு வருவோம். ஒரு அங்கவஸ்திரத்துக்கு ஆகும் செலவு இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டு நூல் 900 ரூபாய்.
சரிகை 300 ரூபாய்.
சாயம், பாவு வேலை 150 ரூபாய்.
நெசவுக் கூலி 500 ரூபாய்.
கட்டு, வண்டிச் சத்தம், வட்டி 150 ரூபாய்.

கூட்டினால் 2,000 ரூபாய். இதில் லாபம் ஒரு காசும் சேர்க்கவில்லை.

இப்போது ஒருவர், எப்படியாவது வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்று 1,850 ரூபாய் போடுகிறார். வேலை அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஒன்றுக்கு 150 ரூபாய் குறைவு. 200 துணிக்கு 30,000 ரூபாய் துண்டு விழுகிறது. இந்த 30,000 எங்கிருந்து வரும்?

நூல் வியாபாரி விலையைக் குறைப்பாரா? மாட்டார். சந்தை விலைதான்.

சரிகை விலை குறையுமா? அசல் சரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. 2025-ம் வருஷத்தில் 10 கிராம் தங்கம் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. வெள்ளியும் கூடவே ஏறியது. தங்கமும் வெள்ளியும் ஏறினால் சரிகையும் ஏறும். டெண்டரில் விலை எழுதிக் கொடுத்துவிட்டு 90 நாள் காத்திருக்கும்போது வெள்ளி ஏறினால், அந்த நஷ்டம் எழுதிக் கொடுத்தவருக்குத்தான். 'விலை மாறுதல் ஷரத்து' என்று ஒன்று டெண்டரில் இருந்தால் மட்டுமே கூடுதல் கேட்க முடியும்.

வண்டிக்காரர் குறைப்பாரா? வங்கி வட்டியைக் குறைக்குமா? இல்லை.

மீதி இருப்பது இரண்டே வழி. ஒன்று, அசல் சரிகைக்குப் பதில் போலிச் சரிகையைப் போடுவது. அது மோசடி. பிடிபட்டால் சரக்கு திரும்பும், பெயரும் கெடும். இன்னொன்று, நெசவுக் கூலியில் கைவைப்பது. 500 ரூபாய்க் கூலி 350 ஆகிவிட்டால் 30,000 ரூபாய் சரியாகிவிடுகிறது!

கணக்குச் சரிதான். ஆனால் அடுப்பு எரியுமா?

அந்தப் பொடி எழுத்து விளம்பரம் தறிக்கு வந்து சேரும் வழி இதுதான். எங்கேயோ ஒரு ஆபீசில் ஒருவர் நிதானமில்லாமல் எழுதிய ஒரு எண், பிள்ளையார்பாளையத்தில் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டைக் குறைத்துவிடும்.

நூல் டெண்டரும் அப்படித்தான். 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி, சேலைத் திட்டத்துக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கைத்தறியிலும் விசைத்தறியிலும் துணி நெய்யப்படுகிறது. அதற்கான நூல் டெண்டர் மூலம் வாங்கப்படுகிறது. நூல் நாள் தவறினால் தறி சும்மா நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை.

இதற்காகக் குறைந்த விலை முறையே தப்பு என்று சொல்லவில்லை. ஜனங்களின் பணத்துக்கு ஒரு காவல் வேண்டும். ஆனால் அடக்க விலைக்கும் கீழே ஒருவர் எழுதினால், "எப்படிக் கட்டுப்படியாகும்? கணக்கைக் காட்டு" என்று வாங்குபவர் கேட்க வேண்டும். துணியில் கூலி என்ற வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மலிவாக வாங்கிய அங்கவஸ்திரத்தில் ஒரு நெசவாளியின் பட்டினி இருந்தால் அதை லாபம் என்று சொல்ல முடியுமா?

கூட்டுச் சதி

இன்னொரு நோய் இருக்கிறது. போட்டியிடுபவர்கள் ரகசியமாகக் கூடிப் பேசிக்கொள்வது. "இந்தத் தடவை உனக்கு. நாங்கள் விலையை ஏற்றிப் போடுகிறோம். அடுத்த தடவை எனக்கு." இதைச் 'சிண்டிகேட்' என்பார்கள். வெளியே பார்த்தால் ஐந்து உறை. உள்ளே ஒரே கை!

2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது. டில்லியில் இருக்கும் போட்டி ஆணையம் விசாரித்துக் கடுமையான அபராதம் போடலாம். யாராவது வந்து, "உங்கள் பெயரில் ஒரு உறை போட்டுக்கொள்கிறோம். கையெழுத்து மட்டும் போடுங்கள். ஆயிரம் ரூபாய் தருகிறோம்" என்றால் போடாதீர்கள். ஆயிரம் அவர்கள் கொடுப்பது. வழக்கு உங்களுக்கு வருவது.

சிறியவருக்கு என்ன சலுகை?

2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கைத்தறி வேலையில் இருக்கிறார்கள். பத்துப் பேரில் ஏழு பேர் பெண்கள். இவர்களைப் போன்ற சிறிய உற்பத்தியாளர்களுக்குச் சில வாசல்கள் திறந்திருக்கின்றன.

ஒன்று: மத்திய சர்க்கார் இலாகாக்களும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் வருஷத்தில் வாங்குவதில் 25 சதவிகிதத்தைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். 2012-ல் வந்த உத்தரவில் இது 20 சதவிகிதமாக இருந்தது. 2018-ல் உயர்த்தப்பட்டது. அதற்குள் 3 சதவிகிதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. இந்தச் சலுகை உள்ளவர்கள் டேவணி கட்ட வேண்டியதில்லை. டெண்டர் படிவமும் இலவசம்.

இரண்டு: பெரிய கம்பெனி ஒன்று எல்-1 ஆக வந்துவிட்டது. அதன் விலை 2,000 ரூபாய். சிறு தொழில்காரர் 15 சதவிகிதம் வரை அதிகமாக, அதாவது 2,300 ரூபாய் வரை போட்டிருந்தாலும் கதவு மூடிவிடாது. "2,000 ரூபாய்க்கு நீங்களும் தருவீர்களா?" என்று அவரைக் கேட்பார்கள். சம்மதித்தால் ஒரு பங்கு சரக்கு அவருக்குக் கிடைக்கும். ஆனால் 2,000 ரூபாய் கட்டுப்படியாகுமா என்று பார்த்துத்தான் தலையசைக்க வேண்டும்.

மூன்று: மத்திய இலாகாக்கள் வாங்கும் துணியில் குறைந்தது 20 சதவிகிதம் கைத்தறித் துணியாக இருக்க வேண்டும் என்று 2017-ம் வருஷத்துப் பொது நிதி விதிகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நான்கு: 2016-ல் 'ஜெம்' என்ற சர்க்கார் மின்சந்தை தொடங்கப்பட்டது. நெசவாளர்கள் அதில் நேரடியாகப் பதிவு செய்துகொண்டு இலாகாக்களுக்கு விற்கலாம். அங்கே சில சமயம் 'தலைகீழ் ஏலம்' நடக்கும். ஒருவர் குறைக்க, அடுத்தவர் இன்னும் குறைப்பார். ஏலச்சீட்டு போடும் தாய்மார்களுக்கு இது உடனே புரியும். அவசரத்தில் தள்ளிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வருத்தப்படுகிறோமே, அதே கதைதான்! எந்த விலைக்குக் கீழே போவதில்லை என்று முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஐந்து: சரக்கு கொடுத்தும் பணம் வரவில்லையா? 2006-ம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் வட்டியோடு கேட்கலாம்.

இவற்றில் பலவற்றுக்கு 'உத்யம்' பதிவு வேண்டும். இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இலவசம். "நான் வாங்கித் தருகிறேன், இரண்டாயிரம் கொடு" என்று வருபவரை நம்ப வேண்டாம்.

தனி ஆளாகப் பெரிய டெண்டரில் இறங்க முடியாது என்பதும் உண்மைதான். 200 துணியை ஒரே தறியில் நெய்ய எத்தனை மாதம் ஆகும்! காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சங்கம் டெண்டர் போடும்போது, உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "விலையில் கூலிக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" இந்தக் கேள்வியைப் பேரவைக் கூட்டத்தில் கேட்பது உறுப்பினரின் உரிமை.

முன்மொழிவு எழுதுவது எப்படி?

சில சமயம் விலை மட்டும் கேட்க மாட்டார்கள். "என்ன செய்யப் போகிறீர்கள்? எப்படிச் செய்வீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். இதுதான் முன்மொழிவு. மகளிர் குழு ஒன்று பொதுச் சாயப்பட்டறை வைக்க உதவி கேட்டாலும் இதைத்தான் எழுத வேண்டும்.

இதற்கு அலங்கார வார்த்தை வேண்டாம். ஐந்து கேள்விக்கு நேரான பதில் போதும்.

நாங்கள் யார்? இதற்கு முன் என்ன செய்திருக்கிறோம்?
என்ன தரப் போகிறோம்? எவ்வளவு?
எப்படிச் செய்வோம்? எத்தனை தறி, எத்தனை ஆள்?
எப்போது முடிப்போம்? மாதவாரியாகச் சொல்லுங்கள்.
எவ்வளவு செலவு? எந்த இனத்துக்கு எவ்வளவு?

கேட்டதற்கு மட்டும், கேட்ட வரிசையில் பதில் எழுதுங்கள். பத்துத் தறி இருந்தால் பத்து என்றே எழுதுங்கள். ஐம்பது என்று எழுதிவிட்டால், பார்வையிட வருபவரிடம் மீதி நாற்பதை எங்கே காட்டுவது?

கூட்டலை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கடைசி நாள் மாலைவரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு நிமிஷம்கூட இரக்கம் காட்டாது.

நியாயம் கிடைக்காவிட்டால்?

தகுதி இருந்தும் தள்ளிவிட்டார்களா? தமிழ்நாட்டுச் சட்டப்படி, உத்தரவு கைக்கு வந்த பத்து நாளுக்குள் சர்க்காருக்கு அப்பீல் செய்யலாம். பத்து நாள் என்பது சீக்கிரம் ஓடிவிடும். ஆகவே உத்தரவு வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். டெண்டரில் கலந்துகொள்ளாதவர்களும் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், யார் என்ன விலைக்கு வேலை எடுத்தார் என்று கேட்கலாம். பஞ்சாயத்தில் போட்ட ரோட்டுக்கும் கேட்கலாம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் கேட்கலாம்.

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம்.

"அப்பா, நான் முழுக்கப் படித்துவிட்டேன். கடைசித் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நம் சங்கத்தில் சொன்னால் என்ன?"

அப்பா நாடாவை நிறுத்துகிறார்.

"நூல் விலை எனக்குத் தெரியும். கூலியும் தெரியும். நீ எழுதிக்கோ. ஒவ்வொண்ணா சொல்றேன். கூலியை மட்டும் முதல் வரியில எழுதும்மா. அதைக் கடைசியில எழுதினா எல்லோரும் அதிலதான் குறைப்பாங்க!"